கொற்கை வகுப்பும் விகாஸ் எஞ்சினும்

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் ரஃப் நோட்டின் பின்பக்கம் முழுக்க விண்வெளிப் போர்க்கப்பல்கள்தான். சும்மா படம் வரைந்துவிட்டுப் போகிற கதை இல்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் வகுப்புப் பெயர், நீளம், எடை, எத்தனை எஞ்சின், எந்தெந்தப் போரில் கலந்துகொண்டது என்று கட்டம் போட்டு எழுதி வைப்பேன். ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக் படங்களில் வரும் கப்பல்களுக்கு ரசிகர்கள் இப்படித்தான் பக்கம் பக்கமாக 'சர்வீஸ் ஹிஸ்டரி' எழுதி வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் கப்பலுக்கு ஊர்ப் பெயர் வைத்தேன். கொற்கை வகுப்பு. பாண்டியர் காலத்தில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் துறைமுகமாக இருந்த ஊர் அது. மொத்தம் 12 கப்பல்கள். முதல் கப்பலின் பெயர் பொருநை.

அந்தக் கட்டத்தில் 'பழுது' என்று ஒரு பத்தி கிடையாது. எல்லாக் கப்பலும் முதல் நாளே பறந்தது. எல்லாப் போரிலும் ஜெயித்தது. கற்பனைதானே, காசா பணமா :-)

இப்போது மெக்கானிக்கல் கடைசி வருஷம். போன மாதம் நிஜமாகவே விண்வெளிக்குப் போகிற ஒரு எஞ்சினின் சர்வீஸ் ஹிஸ்டரியைத் தேடித் தேடிப் படித்தேன். போர்க்கப்பல் இல்லை, ஆயுதம் இல்லை. ஆனால் நம்ம மாவட்டத்தில் நெருப்பு வைத்துப் பார்க்கப்பட்ட எஞ்சின். பெயர் விகாஸ்.

தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கேம்பஸ் இண்டர்வியூவில் எனக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று சாஃப்ட்வேர். இன்னொன்று ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் டிரெய்னி. அதாவது மைக்ரோமீட்டரும் கேஜும் வைத்துக்கொண்டு, வேறு யாரோ டிசைன் செய்து, வேறு யாரோ கடைந்த பாகத்தை அளந்து பார்க்கிற வேலை. சம்பளம் முதல் வேலையில் பாதி.

"ஏல, நாலு வருசம் படிச்சிட்டு அளந்துக்கிட்டா இருக்கப் போற?" என்று ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. "டிசைன்னா சொல்லு, கெத்து. இன்ஸ்பெக்‌ஷன்லாம் ஒரு வேலையாலே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் மகேந்திரகிரி பக்கம் போனேன். (நேரில் இல்லை. உள்ளே அவ்வளவு சுலபமாக விட மாட்டார்கள்!)

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போயிருப்பீர்கள். நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி பணகுடி வரும்போது வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி வரும். தாமிரபரணி பிறக்கும் பொதிகையின் தெற்குத் தொடர்ச்சி அது. அங்கே சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் நிற்பதுதான் மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவிய மலை இதுதான் என்று நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் திரவ எஞ்சின் சோதனைக்கூடம் இருக்கிறது. 1980-களில் வந்தது. 2014-இல் தனி மையமாக ஆக்கி, இஸ்ரோ உந்துவிசை வளாகம் என்று பெயர் வைத்தார்கள். ராக்கெட் கிளம்புவது ஸ்ரீஹரிகோட்டாவில். டிவியில் காட்டுவதும் அங்கேதான். ஆனால் அந்த ராக்கெட்டின் திரவ எஞ்சின்கள் தாங்குமா தாங்காதா என்று ஒரு மேடையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்ப்பது நம்ம ஊர் மலையடியில்.

இனி வடிவமைப்பு. ரொம்ப போரடிக்காமல் சொல்கிறேன்.

விகாஸில் இரண்டு திரவங்கள். ஒன்று எரிபொருள். இப்போது பயன்படுவது யுஎச்25 என்கிற ஹைட்ரஸின் வகைக் கலவை. இன்னொன்று நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி, ஸ்பார்க் எதுவும் வேண்டாம். இரண்டுமே கடும் விஷம். இவற்றை எரியும் அறைக்குள் வேகமாகத் தள்ள ஒரு டர்பைன் பம்ப். அந்த டர்பைனைச் சுற்ற வாயு வேண்டும். அதற்காகத் தனியாக ஒரு குட்டி அறை, கேஸ் ஜெனரேட்டர். அதற்குள் எவ்வளவு திரவம் போக வேண்டும் என்று கட்டுப்படுத்த ஒரு ரெகுலேட்டர். (இந்த ரெகுலேட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.) எரியும் அறையில் அழுத்தம் சுமார் 58 பார். நம் வீட்டு பிரஷர் குக்கருக்குள் விசில் வரும்போது இருப்பதைப்போல் கிட்டத்தட்ட 30 மடங்கு. இவ்வளவும் சேர்ந்து ஒரு எஞ்சின் தருவது சுமார் 80 டன் உந்துவிசை.

"இது பிரெஞ்சுக்காரன் எஞ்சினாம்லா? காப்பிதானே" என்று ஒரு நண்பன் கேட்டான். பாதி உண்மை. இதன் தாய் எஞ்சின் வைக்கிங். ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டுக்காக பிரான்சின் எஸ்இபி நிறுவனம் உருவாக்கியது. 1974-இல் இஸ்ரோவும் எஸ்இபியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. தொழில்நுட்பத்துக்குப் பதிலாக இந்தியா கொடுத்தது முக்கியமாக உழைப்பு. நூறு ஆள்-ஆண்டு வேலை. அதாவது 20 பொறியாளர்கள் போனால் ஐந்து வருஷம் அங்கே வேலை பார்க்க வேண்டும் என்கிற கணக்கு. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் நம்மவர்கள் போய், வைக்கிங்கை உருவாக்கும் வேலையிலேயே கலந்துகொண்டு கற்றுக்கொண்டு வந்தார்கள். பிறகு இங்கே செய்த எஞ்சினை 1985-இல் பிரான்சுக்கு எடுத்துப் போய் வெர்னோன் என்ற ஊரில் எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது.

இதே நம்பி நாராயணன்தான் 1994-இல் பொய்யான உளவு வழக்கில் கைதானார். குற்றச்சாட்டு பொய் என்று 1996-இல் சிபிஐ சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. அந்தக் கதை படமாகவே வந்துவிட்டதால் இங்கே நீட்டவில்லை.

காப்பி என்று சொன்ன நண்பனுக்கு நான் சொன்ன பதில் அல்வா. (கொடுக்கவில்லை, உதாரணமாகச் சொன்னேன்.) அல்வாவே வடக்கிலிருந்து வந்த சமையல்காரர்களோடு நம்ம ஊருக்கு வந்தது என்றுதான் சொல்வார்கள். இன்றைக்குத் திருநெல்வேலி அல்வாவை யாராவது காப்பி என்கிறார்களா? செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். கோதுமைப் பாலின் பதம் பார்த்து, மணிக்கணக்காகக் கிண்டுகிற கை வேண்டுமே. வரைபடம் பிரான்சிலிருந்து வந்தது. அதைப் பார்த்து இங்கே கிடைக்கும் உலோகத்தில், இங்கே இருக்கும் பட்டறைகளில் ஒவ்வொரு பாகமாகச் செய்து, ஒவ்வொன்றும் அதே அளவில் வருகிறதா என்று பார்ப்பது பெரிய வேலை. மும்பையில் கோத்ரெஜ், ஹைதராபாதில் எம்டார் போன்ற நிறுவனங்கள்தான் இந்த எஞ்சினைச் செய்து கொடுக்கின்றன.

தாய் எஞ்சினின் கதையைப் படித்தபோதே எனக்கு ஒன்று உறைத்தது. ஏரியானின் இரண்டாவது பயணம், 1980 மே 23. ஒரு வைக்கிங் எஞ்சினுக்குள் எரிதல் சீராக இல்லாமல் அதிர்ந்து, ராக்கெட் போய்விட்டது. அது வடிவமைப்புச் சம்பந்தப்பட்ட சிக்கல், சரிசெய்தார்கள். பிறகு 1990 பிப்ரவரி 22. ஏரியான் 4 கிளம்பிச் சிறிது நேரத்தில் வெடித்தது. காரணம் என்ன தெரியுமா? ஒரு துணி! எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் குழாயில் யாரோ விட்டுவிட்ட துடைக்கிற துணி அடைத்துக்கொண்டது. அதற்குள் பல வருஷம் பறந்து பழகிய எஞ்சின். டிசைனில் ஒரு குறையும் இல்லை. ஒரு முழம் துணி.

சரி, மகளின் சர்வீஸ் ஹிஸ்டரிக்கு வருவோம்.

விகாஸ் முதலில் பறந்தது பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தில், 1993 செப்டம்பர் 20 அன்று. அந்தப் பயணம் தோல்வி. ஆனால் விகாஸ் தன் வேலையைச் செய்து முடித்த பிறகு, கட்டம் பிரியும் நேரத்தில்தான் ராக்கெட் தடுமாறியது. கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழை முக்கியக் காரணம். அடுத்த வருஷம், 1994 அக்டோபர் 15, வெற்றி. அதன் பிறகு சந்திரயான்-1 (2008), மங்கள்யான் (2013), ஆதித்யா-எல்1 (2023) எல்லாமே பிஎஸ்எல்வியில் போனவை. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு விகாஸ் இரண்டு நிமிஷத்துக்கும் சற்று மேல் எரிந்துவிட்டு, கழன்று, கடலில் விழுந்திருக்கிறது. இந்த எஞ்சின்களின் வாழ்க்கையே அவ்வளவுதான். மாதக்கணக்கில் செய்து, சோதித்து, சில நிமிஷம் வேலை பார்த்துவிட்டுப் போய்விடும்.

அடுத்து ஜிஎஸ்எல்வி. 'குறும்புக்காரப் பையன்' என்று பத்திரிகைகள் செல்லப்பெயர் வைத்த ராக்கெட். இதில் ஐந்து விகாஸ். நடுவில் இருக்கும் திட எரிபொருள் தூணைச் சுற்றி நாலு, இரண்டாம் கட்டத்தில் ஒன்று. இங்கே ஒரு புத்திசாலித்தனம் உண்டு. சுற்றியிருக்கும் நாலு விகாஸையும் 4.8 விநாடி முன்னாலேயே பற்றவைத்துவிடுவார்கள். நாலும் ஒழுங்காக எரிகிறது என்று கணினி பார்த்த பிறகுதான் நடுத்தூண் பற்றும். திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் அணைக்க முடியாது. திரவ எஞ்சினை அணைக்கலாம்.

2001 மார்ச் 28 அன்று இதுதான் காப்பாற்றியது. ஜிஎஸ்எல்வியின் முதல் பயணம். நாலில் ஒன்று போதிய விசை தரவில்லை. கிளம்ப ஒரு விநாடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. புகையும் நெருப்புமாக இருந்த ராக்கெட் மேடையிலேயே நின்றது. அதைச் சரிசெய்து ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். மூன்றே வாரம்! என் பார்வையில் இந்த எஞ்சினின் வரலாற்றில் ரொம்ப அழகான நாள் அந்த மார்ச் 28. எதுவுமே பறக்காத நாள்.

அடுத்தது அழகில்லாத நாள். 2006 ஜூலை 10. ஜிஎஸ்எல்வி-எஃப்02, இன்சாட்-4சி செயற்கைக்கோளோடு கிளம்பியது. மேலே எழும்பி 0.2 விநாடிதான் ஆகியிருக்கும், நாலில் ஒரு எஞ்சின் விசையை இழந்தது. மூன்று கால் நாற்காலி மாதிரி சாய்ந்துகொண்டே போன ராக்கெட், ஒரு நிமிஷம்போல ஆனபோது உடைந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது.

விசாரணைக் குழு கண்டுபிடித்தது, நான் முன்னே ஞாபகம் வைக்கச் சொன்ன ரெகுலேட்டரை. அந்த ஒரு ரெகுலேட்டரைத் தயாரிக்கும்போது தெரியாமல் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. அதனால் கேஸ் ஜெனரேட்டருக்குள் அளவுக்கு மேல் திரவம் போய், அழுத்தம் ஏறி, எஞ்சின் நின்றுவிட்டது. ராக்கெட்டின் வடிவமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, டிசைனை மாற்ற வேண்டியதில்லை என்று குழு சொன்னது. அந்தப் பிழை அதற்குப் பிறகு நடந்த ஆய்விலும் ஏற்புச் சோதனையிலும் கண்ணில் படாமல் தப்பிவிட்டது என்றும் சொன்னது.

இந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். பிழை செய்தவர் ஒருவர் இருப்பார். மனுஷக் கை, பிழை வரத்தான் செய்யும். அதைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிபடவில்லை. ஐந்து எஞ்சின், ஒரு செயற்கைக்கோள், எத்தனையோ பேரின் வருஷக்கணக்கான உழைப்பு, எல்லாம் ஒரு ரெகுலேட்டரோடு போய்விட்டது.

என் அப்பாவுக்குப் பேட்டையில் சின்ன லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், அவ்வளவுதான். பம்பு செட் ஷாஃப்ட், புஷ் மாதிரி வேலைகள் வரும். லீவு நாளில் நானும் போய் நிற்பேன். அப்பாவிடம் ஒரு சட்டம் உண்டு. கடைந்தவன் அளந்தால் மட்டும் பீஸ் வெளியே போகக்கூடாது. இன்னொருத்தர் அளக்கணும். அவர் கடைந்ததை நான் அளக்க வேண்டும், நான் கடைந்ததை அவர். "கடைஞ்சவன் கண்ணுக்கு அவன் பீஸு எப்பவும் சரியாத்தான்ல தெரியும்" என்பார். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடியிருந்தாலும் தூக்கி ரிஜெக்ட் டப்பாவில் போட்டுவிடுவார். அந்த டப்பா நிறைந்தால் நஷ்டம். நிறையவே இல்லையென்றால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஜிஎஸ்எல்விக்குத் திரும்பினால், அடுத்த வருஷமே, 2007 செப்டம்பர் 2 அன்று, இழந்த செயற்கைக்கோளுக்குப் பதிலாகச் செய்த இன்சாட்-4சிஆரை அதே வகை ராக்கெட் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று இன்னொரு சோதனை. கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்திலிருந்து எரிபொருள் கசிவது தெரிந்து நிறுத்தினார்கள். எஞ்சின் பழுதில்லை, தொட்டியில் விரிசல். தொட்டியின் அலுமினியக் கலவையையே மாற்றி, 2014 ஜனவரி 5 அன்று அனுப்பினார்கள். நம் நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சின் முதன்முதலாக ஜெயித்த பயணம் அதுதான். அவசரப்பட்டு ஆகஸ்டிலேயே விட்டிருந்தால்?

இப்போது கடைசிக் கட்டம். எல்விஎம்3 ராக்கெட்டின் நடுப்பகுதியில் இரண்டு விகாஸ். சந்திரயான்-2 (2019), சந்திரயான்-3 (2023) இரண்டையும் தூக்கியது இதுதான். இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முதலில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெரிய திட எரிபொருள் தூண்கள்தான் ராக்கெட்டைத் தூக்கும். விகாஸ் இரண்டும் பற்றுவது கிளம்பி ஒன்றே முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஆன பிறகு, நடுவானத்தில். அதாவது 2001 மார்ச்சில் செய்ததுபோல் மேடையில் வைத்து நிறுத்திப் பார்க்க வழியே இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் தரையிலேயே பார்த்துத் தீர்க்க வேண்டும்.

ககன்யான் திட்டத்தில் நம்மவர்களை ஏற்றிப் போகப்போவது இந்த எல்விஎம்3-தான். 2024 பிப்ரவரி 27 அன்று நாலு விமானப்படை அதிகாரிகளின் பெயரை அறிவித்தார்கள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். மனிதர் உட்காரும் ராக்கெட் என்பதால் மகேந்திரகிரியில் விகாஸைத் திரும்பத் திரும்பக் கட்டிப்போட்டு எரித்தார்கள். 2021 ஜூலை 14 அன்று ஒரே சோதனையில் 240 விநாடி. பயணத்தில் எரிய வேண்டிய நேரத்தைவிடக் கூடுதல். 2025 ஜனவரி 17 அன்று இன்னொரு விதம். 60 விநாடி எரித்து, அணைத்து, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி பற்றவைத்தார்கள். பற்றியது.

தாய் எஞ்சின் வைக்கிங் கடைசியாகப் பறந்தது 2003 பிப்ரவரியில், ஏரியான் 4-இன் கடைசிப் பயணத்தில். மகள் இன்னும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கும் ஓய்வு வரும். விஷமில்லாத மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் புது எஞ்சினுக்கான சோதனைகள் அதே மகேந்திரகிரியில் நடக்கின்றன. எல்விஎம்3-இல் விகாஸின் இடத்துக்கு அது வரவேண்டும் என்பது திட்டம்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஹாஸ்டல் கேள்விக்கு வந்தேன். விகாஸின் டிசைன் 1970-களில் போட்டது. பிறகு விசையைக் கூட்டினார்கள், சில இடங்களில் மாற்றினார்கள், ஆனால் எலும்புக்கூடு அதேதான். அதை மூன்று ராக்கெட்டுகளில் இத்தனை வருஷம் ஓட வைத்தது டிசைன் மட்டும் இல்லை. அந்தத் துணிக்கும் அந்த ரெகுலேட்டருக்கும் பிறகு யாரோ ஒருத்தர் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கிறார். யாரோ ஒருத்தர் ஒவ்வொரு ரெகுலேட்டரையும் இன்னொரு முறை அளந்திருக்கிறார். அவர்கள் பெயர் எந்தச் சர்வீஸ் ஹிஸ்டரியிலும் இல்லை. அவர்கள் ஒழுங்காக வேலை செய்த நாளில் எதுவுமே நடக்காது என்பதால் எழுதுவதற்கும் ஒன்றும் இருக்காது.

கல்விக் கடன் இருக்கிறது. பாதிச் சம்பளம் என்றால் கட்டி முடிக்க இரண்டு வருஷமாவது கூடும். இதை வீட்டில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடனை நாம பாத்துக்கிடலாம். ஆனா ஒண்ணு. மேலதிகாரி அவசரம்னு வந்து நின்னாலும், அளவு தப்புன்னா தப்புன்னு சொல்லணும். அதுக்குத் தைரியம் இருந்தா போ" என்றார்.

தைரியம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். திங்கட்கிழமை சம்மதக் கடிதம் அனுப்புகிறேன். சிரித்த மக்களுக்கெல்லாம் முதல் மாதச் சம்பளத்தில் பரோட்டா உண்டு, ஆளுக்கு மூன்று. எண்ணிப் பார்த்துத்தான் வைப்பேன் :-)